குதிரைப்பெண்ணின் பின்பாதி

குதிரைப்பெண்ணுக்கு முன்பாதி என் அக்கா, பின்பாதி நான். நாடக அரங்கத்தில் எனக்குப் பெயரே "பின்பக்கம்" என்றாகிவிட்டது. "என்ன பின்பக்கம், சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள். இதற்கெல்லாம் கோபப்பட்டால் தினம் ஒருத்தரை அடிக்க வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

ஆனால் அன்று மதியம் ஒப்பனை அறையில் நான் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். முந்தாநாள்தான் நான் உண்டாகியிருப்பது உறுதியாகியிருந்தது. "ஏற்கெனவே ரெண்டு தடவை தங்கலை. இந்தத் தடவை குனியறது, கனம் தூக்கறது எதுவும் வேணாம். குதிக்கறதைப் பத்தி நினைக்கவே நினைக்காதீங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நானும் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றைய ஒத்திகையில் நான் செய்ய வேண்டியிருந்தது குனிவது, கனம் தூக்குவது, கடைசியில் குதிப்பது.

என் வீட்டுக்காரர் காலையிலேயே சண்டை பிடித்தார். "இன்னிக்கே உங்க அக்காகிட்ட சொல்லிடு. நீ சொல்லலைன்னா நான் வந்து சொல்வேன்" என்றார். "சொல்றேன், சொல்றேன்" என்று அவர் வாயை அடைத்துவிட்டு வந்துவிட்டேன். முதல் இரண்டு தடவையும் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் நான். பிறகு ஒவ்வொருத்தரிடமும் போய் "இல்லை, போயிடுச்சு" என்று சொன்னவளும் நான்தான். அந்த "ஐயோ பாவம்" பார்வையை மறுபடி வாங்க என் உடம்பில் தெம்பில்லை.

சொல்லாமல் இருந்ததற்கு இன்னொரு காரணம் அரங்க முதலாளி. நாடகத்தின் முடிவில் குதிரைப்பெண் பாறை உச்சியிலிருந்து பகைவர் நடுவே பாய வேண்டும். "அதுக்கு எதுக்குங்க ரெண்டு பொம்பளைங்க உள்ள கிடந்து வேகணும்? கம்ப்யூட்டர்ல பண்ணித் திரையில காட்டிடலாமே" என்று அவர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இயக்குநர் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய்ப்பு வாங்கியிருந்தார். இன்றைக்கு முதலாளி வந்து அந்தப் பாய்ச்சலைப் பார்ப்பார். பிடித்தால் குதிரைப்பெண் நாளைக்கு மேடையேறுவாள், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தானே வரைந்து உருவாக்கிய இந்தக் குதிரைக்காகத்தான் அக்கா பள்ளிக்கூடத்து ஓவிய டீச்சர் வேலையை விட்டிருந்தாள்.

பாதி மனுஷி, பாதி குதிரை என்று வரைவது பெரிய விஷயம் இல்லை. அக்கா அதோடு நிறுத்துகிற ஆளா? "அழகா யார் வேணும்னாலும் வரையலாம்டி. அது எப்படித் தூங்கும், அதைச் சொல்லு" என்பாள். அரங்கத்துக்குப் பின்னால் இருந்த அவளுடைய பட்டறைச் சுவரில் குதிரைப்பெண்ணை நெடுக அறுத்துப் பார்த்த மாதிரி ஆளுயரப் படம் ஒன்று ஒட்டியிருந்தாள். மேலே மனித வயிறு, கீழே குதிரை வயிறு, நுரையீரல் இரண்டு ஜோடி, இதயம் ஒன்றுதான், ஆனால் பூசணிக்காய் அளவு. பின்காலில் முள் குத்தினால் அவள் கை அங்கே எட்டாது, அதனால் அந்த இனத்தில் யாரும் தனியாகப் பயணம் போகமாட்டார்கள் என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். பக்கத்திலேயே சிறகு முளைத்த சிங்கம், அந்தக் கனத்தைத் தூக்க எவ்வளவு பெரிய சிறகு வேண்டும் என்ற கணக்கோடு. எல்லாமே பென்சில்தான். பேனாவைத் தொடவே மாட்டாள். "உலகம் மாறிட்டே இருக்கும், அழிச்சுப் போட வசதியா இருக்கணும்" என்பாள்.

"எல்லாம் சரி, குழந்தை எங்க இருக்கும்? முன்னாடியா, பின்னாடியா?" என்று ஒருநாள் சும்மா சீண்டினேன்.

"பின்னாடிதான். முன்னாடி ஏது இடம்? ஆனா இவ பெத்துக்க மாட்டா. இவ போர்க்காரி. அந்த இடம் காலியாவே இருக்கட்டும்" என்றாள்.

அப்போது நானும் சிரித்தேன்.

குதிரை உடம்பு பிரம்பு வளையங்களால் ஆனது, மேலே பஞ்சும் பழுப்பு வெல்வெட்டும். நான் உள்ளே குனிந்து அக்காவின் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாரம் என் முதுகில், அது நழுவாமல் என் அடிவயிற்றைச் சுற்றி ஒரு தோல் பட்டை. அன்று நான் அந்தப் பட்டையை ரகசியமாகத் தளர்த்தி வைத்திருந்தேன்.

அக்காவின் கண்ணுக்கு எது தப்பும்? "பட்டையை யாருடி தளர்த்தினது? பின்காலு தனியா ஆடுது பாரு!" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

"கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சுக்கா."

"நாளெல்லாம் கொறிச்சுட்டே இருந்தா இறுக்கமாத்தான் இருக்கும்" என்று சொல்லி, முழங்காலை என் இடுப்பில் முட்டுக்கொடுத்து இழுத்து மாட்டினாள். எனக்கு மூச்சு நின்றது. சொல்லு, இப்பவே சொல்லித் தொலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்தேன். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். "ஒரே ஒரு தடவைடி. நல்லாக் குதிச்சுடு, அப்புறம் நீ கேட்கறதெல்லாம் வாங்கித் தர்றேன்" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். என்னை மாதிரி ஒரு முட்டாள் உலகத்தில் உண்டா?

உள்ளே நுழைந்துவிட்டால் எனக்குத் தெரிவது அக்காவின் குதிகாலும் கொஞ்சம் தரையும் மட்டும்தான். பேசக்கூடாது, அவள் நெஞ்சில் இருக்கும் மைக் என் குரலையும் இழுத்துவிடும். அதனால் பெல்ட்டை இழுத்துத்தான் எங்கள் பேச்சு. ஒருமுறை இழுத்தால் நட, இரண்டுமுறை இழுத்தால் நில். ஆரம்பத்தில் அவள் என் பேச்சைக் கேட்காமல் நடந்து, இரண்டு பேரும் படியில் உருண்டோம். அன்றைக்கு அவளே ஒரு சட்டம் போட்டாள். பின்பாதி நில் என்றால் முன்பாதி நிற்கும், ஏன் எதற்கு என்று கேட்காது.

விளக்குகள் எரிந்தன. பலகையால் செய்த பாறையின் பின்சரிவில் நாங்கள் ஏறினோம். பட்டை ஒவ்வொரு அடிக்கும் அடிவயிற்றை அறுத்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கீழே பகை அரசனாக, நெற்றியில் ஒரு கொம்போடு நிற்கும் ஒற்றைக்கொம்பன் அவனுடைய வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முடித்ததும் அக்கா கர்ஜிப்பாள், பெல்ட்டை முன்னால் வெட்டி இழுப்பாள், நாங்கள் பாய்வோம். விழும்போது முழுப் பாரமும் என்மேல்தான் வந்து இறங்கும். ஐம்பது தடவையாவது குதித்திருப்போம், எனக்குத் தெரியாதா?

அக்காவின் குதிகால் விளிம்புக்கு வந்தது. என் கை பெல்ட்டில் இருந்தது. இழுத்தால் இவள் கனவு போச்சு. இழுக்காவிட்டால், என் உள்ளே இருப்பதற்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

இரண்டுமுறை இழுத்தேன்.

அக்கா நின்றாள். ஒற்றைக்கொம்பன் வசனத்தை முடித்துவிட்டுக் காத்திருந்தான். அரங்கத்தில் யாரோ இருமினார்கள். "மேடம், ஜம்ப்!" என்று இயக்குநர் அடிக்குரலில் சீறுவது கேட்டது. அக்கா அடி எடுத்துவைக்கவில்லை.

அவள் முதுகுப் பக்கம் துணி சேரும் இடத்தில் ஒரு திறப்பு உண்டு, எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பதற்காக வைத்தது. அதன் வழியாக அவள் கை உள்ளே வந்து என் தலையைத் தடவித் தேடியது. நான் பட்டையின் கொக்கியை அவிழ்த்தேன். பாரம் பொத்தென்று முதுகில் சரிந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்து, அவள் இறுக்கிக் கட்டிய அதே இடத்தில் வைத்து அழுத்தினேன்.

அந்தக் கை அசையவில்லை. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். பிறகு விரல்கள் சுருங்கி, சுட்ட மாதிரி வெளியே போயின.

"நான் இறங்குகிறேன்" என்று அக்காவின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. அது வசனத்தில் இல்லாத வரி.

இறங்குவது எப்படி? பாறை உச்சியில் திரும்ப இடம் கிடையாது. பின்னாலேயே நடந்துதான் சரிவில் இறங்க வேண்டும். அப்படியென்றால் நான் முன்னால் போக வேண்டும், அதுவும் கண் தெரியாமல். இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட நாங்கள் பழகாத நடை அது.

பெல்ட் மெல்ல ஒருமுறை இழுபட்டது. நட, நீயே நட என்கிறாள்.

ஒரு காலைப் பின்னால் நீட்டிப் பலகையைத் துழாவினேன். கிடைத்தது. அடுத்த கால். வளையம் சரிந்து என் விலாவில் குத்தியது. பலகை கிறீச்சிட்டது. நான் நின்றால் அவள் நின்றாள், நகர்ந்தால் நகர்ந்தாள். ஒரு இடத்தில் கால் வழுக்கி உயிரே போய்விட்டது எனக்கு. அக்கா அப்படியே முன்னால் சாய்ந்து, மொத்தப் பாரத்தையும் தன் இடுப்பில் வாங்கிக்கொண்டாள். அவள் பல்லைக் கடிப்பது மைக்கில் கேட்டது. கடைசியில் தரை வந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். குதிரைப்பெண்ணின் பின்பாதி அப்படியே மடங்கியது.

"என்னம்மா இது? குதிக்கறதைப் பார்க்கத்தானே வரச் சொன்னீங்க?" முதலாளியின் குரல் பக்கத்தில் வந்தது.

"குதிக்க மாட்டா சார். புள்ளத்தாச்சி" என்றாள் அக்கா.

"யாரு, குதிரையா?"

"ஆமா."

"கதையில அப்படி இல்லையே!"

"இப்ப இருக்கு."

முதலாளி சிரிக்கவில்லை. "குதிக்காத குதிரை எனக்கெதுக்கு? திரையிலயே காட்டிக்கறேன்" என்றார். செருப்புச் சத்தம் வாசல்வரை போனது. இயக்குநர் அவர் பின்னாலேயே ஓடினார். அக்கா கூப்பிடவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

வெல்வெட்டைத் தூக்கி என்னை வெளியே இழுத்தவள் முதலில் என் முதுகில் அடிக்கக் கையை ஓங்கினாள். பாதியில் கையை இறக்கிக்கொண்டாள். "பாவி! இறுக்கிக் கட்டறேன், கல்லு மாதிரி நிக்கறியே! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தி, அப்படியே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"உன் குதிரை போச்சேக்கா."

"போனா போகட்டும், சனியன்" என்றாள். ஆனால் அவளுக்கு வலித்தது. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என் வீட்டுக்காரர் வருகிறவரை பட்டறையில் என்னைப் பாயில் படுக்கவைத்தாள். அவளால் சும்மா இருக்க முடியவில்லை. சுவரில் இருந்த ஆளுயரப் படத்தின் முன்னால் போய் நின்றாள். குதிரைப்பெண்ணின் பின்வயிற்றில் காலியாக இருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அங்கே வரைய ஆரம்பித்தாள். சுருண்ட முதுகு, மடித்த நான்கு குட்டிக் கால்கள்.

"கை ரெண்டையும் எங்கடி வெச்சுக்கும்?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"கன்னத்துக்குப் பக்கத்துல."

வரைந்தாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் கையில் இருந்தது பேனா.

"அக்கா, அழிக்க முடியாதே" என்றேன்.

"அழிக்கப் போறதில்ல" என்று சொல்லிவிட்டு, சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் போட்டாள்.