படுக்கையறைக்குப் போகாத கோடு

வேலை செய்த இடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரசமட்டம் என்றுதான் சொல்வார்கள். சுவிட்ச் பலகைகள் செய்யும் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தார். சட்டைப்பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவர் ஒரு சின்ன ரசமட்டம் வைத்திருப்பார். முடிந்த பலகையின் மேல் அதை வைத்து, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். நூலளவு நகர்ந்திருந்தாலும் கழற்றி மாட்டச் சொல்வார். அந்த ஆலையின் தூசிதான் அவர் நுரையீரலைத் தின்றது என்று மருத்துவர் சொன்னார். இப்போது மூக்கில் குழாயோடு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஓயாமல் உறுமும் ஆக்சிஜன் மெஷினின் தயவில் வீட்டில் இருக்கிறார்.

மெஷின் கரன்ட்டில் ஓடுவது. கரன்ட்டோ வந்தால் வந்தது, போனால் போனது. போன மாதம் ஒரு நாள் காலையில் போனது சாயங்காலம்தான் திரும்பியது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு ஒன்றுதான் என்று சிலிண்டர் கடைக்காரர் ஏற்கெனவே கையை விரித்திருந்தார். கணவருடைய உதடு நீலமாவதைப் பார்த்தபடி மனைவி விசிறியால் வீசினாள். வீசுவதால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தே வீசினாள். கரன்ட் வந்ததும் தன் தம்பிக்குப் போன் செய்தாள். தம்பி எலக்ட்ரீஷியன். சோலார் இன்வெர்ட்டர் போட்டுவிடலாம் என்று அன்றைக்கே முடிவானது. எது எங்கே வரவேண்டும் என்பதைத் நான்தான் சொல்வேன் என்றார் ரசமட்டம். நெடுநாளைக்குப் பிறகு அவர் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டது அதுதான்.

தம்பி மொட்டைமாடிக்கு ஏறி, போனில் படம் எடுத்துக் கீழே கொண்டுவந்து காட்டினான். பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பியதில் பாதித் தளம் எப்போதும் நிழலில் கிடந்தது. தெருப்பக்க மூலையில் மட்டும் உச்சிவேளை வரைக்கும் வெயில் இருந்தது. இரண்டு பேனல்தான் கொள்ளும்.

"பின்னாடி இன்னும் இடம் இருக்கு அத்தான்."

"வெயில் இருக்கா?"

"இடம் இருக்கு."

"பேனலை இடத்துக்கா போடறோம் மச்சான், வெயிலுக்கா?"

தம்பி சிரித்துக்கொண்டே மறுபடி மாடியேறினான். காலை, நடுப்பகல், மாலை என்று பல நாள் ஏறி இறங்கினான். நிழல் அவனுக்காக நகர்ந்து கொடுக்கவில்லை.

பிறகு கீழே வேலை ஆரம்பித்தது. சுவரில் ஓர் ஓட்டை போடுவதற்கு முன் எல்லாவற்றையும் சாக்பீஸால் வரைந்துவிட வேண்டும் என்பது அவருடைய முறை. மூக்குக் குழாய் சமையலறை வாசல்வரைதான் எட்டும். அதற்கு அப்பால் டார்ச் வெளிச்சத்தால் இடத்தைக் காட்டுவார், தம்பி கோடு போடுவான். பேட்டரியைப் படுக்கையறையில் வைக்கவே கூடாது என்றார். ஆக்சிஜன் புழங்கும் அறையில் ஒரு பொறி போதும். சமையலறையில் அடுப்பு இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே காற்றோட்டம் உண்டு, மழைச்சாரல் வராது, கால் தடுக்காது. பேட்டரி அங்கே, அதற்கு நேர் மேலே வைக்காமல் ஒரு முழம் தள்ளி இன்வெர்ட்டர். பேனலிலிருந்து இறங்கும் வயருக்கு ஒரு குழாய், வீட்டுக்குப் போகும் வயருக்குத் தனிக் குழாய், இரண்டும் எங்கும் உரசக்கூடாது. எர்த் கம்பி வாசலோரம் ஈரமண்ணில் இறங்க வேண்டும்.

"வயரா போகுது, ராணுவ அணிவகுப்பா?" என்றான் தம்பி, ரசமட்டத்தை ஐந்தாறு முறை கோட்டின் மேல் வைத்து எடுத்த பிறகு. "எங்க அக்காவைக் கல்யாணத்துல நிக்க வச்சுக் குமிழி பார்த்தீங்களா அத்தான்?"

"பார்த்தேன். கொஞ்சம் உன் பக்கம் சாஞ்சிருந்தது."

மனைவி உள்ளேயிருந்து, வாயைக் குறைத்து மூச்சை மிச்சம் பிடிக்கச் சொன்னாள். அவளை வெளியே கூப்பிட்டு, சுவரோடு சுவராக நிற்கச் சொல்லி, அவளுடைய தோள் உயரத்தில் மெயின் சுவிட்சுக்கு அடையாளம் போடவைத்தார். அவருடைய உயரத்தில் ஏன் போடவில்லை என்று அவள் கேட்கவில்லை. அவரால் இப்போது நெடுநேரம் நிற்க முடியாது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் துளை போடுவதற்கு முன் தம்பி கோடுகளை விரலால் பின்தொடர்ந்து போனான். ஹாலில் விளக்கும் மின்விசிறியும். மகள் படிக்கிற மேசைக்கு ஒரு விளக்கு. சமையலறைக்கு ஒன்று. போன் சார்ஜ் செய்ய ஒரு பிளக். எல்லாக் கோடும் மாடிப்படியிலிருந்து கிளம்பி, அடக்கமாக மடங்கி, போய்ச் சேரும் இடத்தில் ஒரு சின்னக் கட்டத்தோடு நின்றது. படுக்கையறை வாசலில் மட்டும் எதுவும் திரும்பவில்லை. படுக்கையறை வேண்டாம் என்று அவர் சொன்னது பேட்டரியைத்தான். கோட்டுக்கு என்ன வந்தது? மெஷின் இப்போதும் அந்த அறையின் பிளக்கில்தானே ஓடிக்கொண்டிருக்கிறது?

"அத்தான், மெஷினுக்கு லைன் எங்க?"

அவர் டார்ச்சை அணைத்தார். மனைவி காய்ந்த துணிகளோடு வாசலில் நின்றுவிட்டாள்.

அவர் நிதானமாக, இடையிடையே மூச்சு வாங்கி, கணக்கைச் சொன்னார். மெஷின் ஆறு மின்விசிறி தின்கிற கரன்ட்டைத் தின்னும். இரண்டு பேனல், அதுவும் அரைநாள் வெயில். மெஷினைச் சேர்த்தால் பேட்டரி கொஞ்ச நேரத்தில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். அடிக்கடி அப்படி இறக்கினால் சில மாதத்தில் பேட்டரியே செத்துப்போகும். மெஷினை விட்டுவிட்டால் வீட்டுக்குப் பல வருஷம் வெளிச்சம் இருக்கும். தம்பி இன்னொரு பேட்டரி சேர்க்கலாம் என்றான். அதை நிரப்ப வெயில் எங்கே, கரன்ட் எங்கே என்று கேட்டார்.

"அப்ப இது யாருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"வீட்டுக்கு."

"நீங்க இல்லாத வீட்டுக்கா?"

பெண் படிக்கவேண்டும் என்றார்.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு வழி சொன்னான். இரண்டு பக்கமும் தள்ளுகிற சுவிட்ச் ஒன்று போடலாம். மேலே தள்ளினால் வீடு, கீழே தள்ளினால் மெஷின். தேவையைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

"யாரு தள்ளுறது?" என்றார் அவர். கேள்வி தம்பியை நோக்கி இருந்தாலும் பார்வை மனைவி மேல் இருந்தது. "பேட்டரி சாகப்போகுதுன்னு தெரியும்போது அதை மேல தள்ளுறது யாரு? நான் அந்த லைனே வேணாம்னது அதுக்குத்தான். இவ கை அதுல படக்கூடாது."

அவள் துணிகளை நாற்காலியில் போட்டாள். தம்பியின் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கி, மாடிப்படியிலிருந்து படுக்கையறை வரை ஒரே இழுப்பில் ஒரு கோடு போட்டாள். அது வாசல் நிலையருகே சரிந்து, கட்டில் பக்கம் போய் முடிந்தது. கட்டம் போடத் தெரியாமல் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"இந்த வீட்டுல கோடு போட எனக்கும் தெரியும்" என்றாள்.

வேலை இரண்டு நாளில் முடிந்தது. மேலும் கீழும் தள்ளுகிற சுவிட்ச், அவள் தோள் உயரத்தில் போட்ட அடையாளத்திலேயே வந்தது. பார்த்தவர்கள் அழகாக இருக்கிறது என்றார்கள். ஒரு வயர் வெளியே தெரியவில்லை. படுக்கையறைக் குழாய் மட்டும் நிலையருகே கோணலாகப் போனது. தம்பி அதை நிமிர்த்தப் போனபோது ரசமட்டம் தடுத்து, அப்படியே விடச் சொன்னார். அவர் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒன்றை விட்டதில்லை.

மேகம் மூடியிருந்த ஒரு காலையில் கரன்ட் போனது. அவள் தயங்காமல் சுவிட்சைக் கீழே தள்ளினாள். ஹால் விசிறி நின்றது, மெஷின் மறுபடி உறுமத் தொடங்கியது. மகள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். மாடியில் பேனல்கள் சாம்பல் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. நடுப்பகலுக்குள் இன்வெர்ட்டரின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து சிவப்பு மட்டும் மிஞ்சியது. அது விட்டுவிட்டுக் கத்தியது.

"போதும். மேல தள்ளு" என்றார் கட்டிலிலிருந்து. "பேட்டரி போயிரும்."

அவள் தள்ளவில்லை. கத்தல் தொடர்ந்தது, பிறகு அதுவாகவே ஓய்ந்தது. மெஷின் நின்றது. மகள் ஓடிவந்து சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினாள். அவளுக்கு அது பழகியிருந்தது. சிலிண்டர் மீட்டரின் முள் முக்காலில் நின்று, மெதுவாக இறங்க ஆரம்பித்தது. தெருவில் எந்த வீட்டிலும் விளக்கு இல்லை.

இனி எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்றுதான். அவள் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. தோள் உயரத்தில் இருந்ததால் கை வலிக்கவில்லை.