பெரியவர் செய்த ஒரே தப்பு

முன்னறையில் அண்ணன் பெரியவரின் உடலைச் சுற்றி உறவினர்கள் அழுதுகொண்டிருக்க, பின்னறையில் சின்னவர் உள்ளங்கை நீளமுள்ள பொம்மை ரயில் எஞ்சினின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். துக்கம் விசாரிக்க வந்த பல் டாக்டர் இன்றே ஊர் திரும்புகிறாராம். தான் கொடுத்திருந்த எஞ்சின் தயாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தார்.

“அவர் போன வாரமே முடிச்சுட்டார் தம்பி. ஒரு தடவை பாத்துட்டுக் குடுத்துடுங்க,” என்றாள் அண்ணி.

ஓட்டத்தையும் சத்தத்தையும் கவனிக்கிற சிப்பை எஞ்சினுக்குள் பொருத்துவதில் பெரியவர் மன்னன். ஊதல், பிரேக்கின் கிறீச்சல், வேகத்துக்கேற்ற மூச்சிரைப்பு எல்லாம் அந்த நகத்தளவுச் சிப்பிலிருந்துதான் வரும். சின்னவருக்கும் அதே வேலை, அதே மேஜை, முப்பது வருஷம். ஆனால் வருகிறவர்கள் எல்லாம் “பெரியவர் இல்லையா?” என்பார்கள். ஐம்பத்தாறு வயதிலும் இவர் சின்னவர். இவர் பொருத்தியதையும் பெரியவர் கைவேலை என்றே கொண்டாடினார்கள். அண்ணன் ஒரு நாளும் அதைத் திருத்தியதில்லை. இத்தனை வயிற்றெரிச்சலோடு இவருக்கு எப்படித்தான் சோறு செரித்ததோ.

மின்சார மீட்டரின் ஒரு கம்பி முனையை மோட்டாரிலும் மற்றதை எஞ்சினின் உடம்பிலும் வைத்தார். இரண்டுக்கும் நடுவே தொடுப்பு இருந்தால்தான் மீட்டர் கத்தும்; இங்கே கத்தக் கூடாது. கத்தியது.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் கத்தியது. மோட்டாரின் தகடு உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தண்டவாளத்தில் வைத்த மறுகணமே சிப் கருகிவிடும். இந்த வேலையில் முதல் நாளே கற்றுக்கொள்கிற விஷயம் இது. காய்ச்சலோடு உட்கார்ந்து செய்திருக்கிறார் போல.

சின்னவருக்கு வயிறு குளிர்ந்தது. வெட்கமே இல்லாமல் குளிர்ந்தது. அப்படியே மூடிக் கொடுத்துவிட்டால் போதும். டாக்டர் வீட்டில் புகை வரும், பெரியவர் பெயர் ஊரெல்லாம் நாறும்.

எஞ்சினையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். அண்ணனின் காதருகே குனிந்து, டேப் இல்லாத அந்த எஞ்சினில் மறுபடி முனைகளை வைத்தார். மீட்டர் கத்தியது.

“என்ன தம்பி அது?” அண்ணி நிமிர்ந்தாள்.

“ஒண்ணுமில்ல அண்ணி.”

பெரியவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. ‘அடடா, நீ கண்டுபிடிச்சுட்டியே’ என்று அந்த வாய் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். பாவி மனுஷன், தோற்கவேண்டிய அன்றைக்கா இப்படிப் படுத்துக்கொள்வது? சின்னவருக்கு அப்போதுதான் அழுகை வந்தது, அதுவும் ஆத்திரத்தில்.

பின்னறைக்குத் திரும்பி, தகட்டுக்கு அடியில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிச் சோதித்தார். மீட்டர் வாயைத் திறக்கவில்லை. மூடியை முடுக்கிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார்.

மேஜையிலிருந்த வட்டத் தண்டவாளத்தில் எஞ்சின் மெல்ல ஊதிக்கொண்டு இரண்டு சுற்று ஓடியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கடைசி வரைக்கும் அவர் கை தப்பு பண்ணல பாருங்க. இனிமே இப்படிச் செய்ய யார் இருக்கா?”

சின்னவர் எஞ்சினைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

“யாரும் இல்ல சார்,” என்றார்.

உடலை எடுத்துப்போக வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. முன்னறைக்குப் போய், அண்ணன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.