சிவப்புக் கிளிப்பு

அரிசோனாவின் மேற்கு ஓரத்துப் பாலையில் குளிர்காலம் முழுவதும் மோட்டார்ஹோம் என்னும் வீட்டு வண்டிகளில் குடியிருப்பவர்களுக்கு ஆரின் ஹாஸ்கட் சனிக்கிழமைதோறும் பாடம் நடத்தினார். பான்கேக் சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் மடக்கு நாற்காலிகளை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். ஆரின் ஐடஹோவில் ஷெரீப்பின் கீழ் போலீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், பாதிப் பேர் தனியாக இருக்கும் பெண்கள். கூப்பிட்டால் போலீஸ் வந்து சேர வெகுநேரமாகும். ஆகவே கவனமாகக் கேட்டார்கள்.

அவர் சொன்னதில் பெரும்பகுதி நல்ல யோசனைதான். ஓட்டுநர் இருக்கையில் சாமான் போட்டு வைக்கக்கூடாது, நினைத்த நொடியில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்ப முடிய வேண்டும். தனியாக இருக்கும் பெண்கள் படிக்குப் பக்கத்தில் ஆண்கள் போடும் பெரிய பூட்ஸ் ஒரு ஜோடியும், நாய் இல்லாவிட்டாலும் நாய்க் கிண்ணம் ஒன்றும் வைக்க வேண்டும். சட்டமும் சொல்லிக்கொடுத்தார். சக்கரம் இருந்தாலும் அது வீடுதான். அத்துமீறி உள்ளே வருகிறவனைப் பயந்துபோய்ச் சுட்டால் இந்த மாநிலத்தில் சட்டம் நம் பக்கம். வருவது யார், அவனால் ஆபத்தில்லை என்று தெரிந்தே சுட்டால் சிறை. கடைசியாக, போலீஸிடம் சொல்ல வேண்டிய வாக்கியம்.

"எங்க, சொல்லுங்க."

"என் உயிருக்குப் பயந்தேன்," என்றார்கள் எல்லோரும், பள்ளிப் பிள்ளைகளைப் போல.

"அப்புறம்?"

"வக்கீல் வரட்டும்."

"அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினா, அந்த வார்த்தைதான் உங்களை உள்ள தள்ளும். எல்லாம் மறந்துபோனாலும் இது வாயில வரணும்."

"இவருக்கு வரும்," என்றாள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி நெட்டி. "தூக்கத்துல சொல்றாரு. நான் கேட்டிருக்கேன்."

பாடத்தோடு தேர்வும் உண்டு. வாரத்தின் நடுவில் ஏதாவது ஒரு பகலில் ஆரின் சத்தமில்லாமல் வந்து ஒரு வண்டியின் கைப்பிடியைத் திருகுவார். பூட்டியிருந்தால் போய்விடுவார். பூட்டாமலிருந்தால் கதவைத் திறந்து, உள்ளே கை விட்டு, திரைச்சீலையில் ஒரு சிவப்புத் துணிக்கிளிப்பை மாட்டிவிட்டுப் போவார். நெட்டியின் சலவைக் கூடையிலிருந்து எடுத்த கிளிப்பு. மாட்டிக்கொண்டவர் சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் அதைக் கொண்டுவந்து திருப்பித் தர வேண்டும்.

அந்தப் பருவத்தில் அதிகக் கிளிப்பு வாங்கியவள் வெர்லீன். நெப்ராஸ்காவில் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவள். புருஷன் இறந்த பிறகு வீட்டை விற்று அந்த வண்டியை வாங்கியிருந்தாள். அதைத் தவிர அவளுக்கு வேறு கூரை கிடையாது. அவள் வண்டிக் கதவின் தாழ்ப்பாள் தேய்ந்துபோனது. கொஞ்சம் தூக்கி அழுத்தினால்தான் விழும். மறந்துவிடுவாள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ஆரின் அவள் அதுவரை திருப்பித் தந்த கிளிப்புகள் அத்தனையையும் அவளது வைக்கோல் தொப்பியின் விளிம்பில் மாட்டி, அதைப் போட்டுக்கொண்டே எல்லோருக்கும் பான்கேக் பாகு ஊற்றச் சொன்னார்.

"வெர்லீன் தாயே, திருடன் வந்தா காபிக்குச் சர்க்கரை போடவான்னு கேட்பியா?"

"ஆளைப் பார்த்துத்தான் கேட்பேன்," என்றாள் அவள். சிரித்தார்கள்.

"உன் புருஷன் போனதுல ஆச்சரியமே இல்ல. நீ கதவு பூட்டற லட்சணத்துக்கு, சாவு தட்டிட்டு வரணும்னுகூட இல்ல."

ஒரு கணம் யாரும் சிரிக்கவில்லை. பிறகு கிளெல் என்ற பழைய லாரி ஓட்டுநர் சிரித்தார். அவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். வெர்லீனும் சிரித்தாள். கடைசித் தட்டு கழுவி முடியும்வரை தொப்பியைக் கழற்ற அவர் விடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது.

முதலில் ஓடிப் போனவர் கிளெல். வெர்லீனின் படிக்குக் கீழே, அந்தப் பெரிய பூட்ஸுகளுக்குப் பக்கத்தில், ஆரின் மல்லாந்து கிடந்தார். கழுத்தின் இடப்பக்கத்திலிருந்து ரத்தம் மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. கதவு விரியத் திறந்திருக்க, உள்ளே வெர்லீன் போனைக் காதில் வைத்து நின்றாள். ரிவால்வர் ரொட்டிப் பலகைமேல் இருந்தது. அதையும் ஆரின்தான் வாங்க வைத்திருந்தார்.

"என் உயிருக்குப் பயந்தேன்," என்றாள் போனில். "வக்கீல் வரட்டும்."

யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று மறுமுனையில் போலீஸ் கேட்டது வெளியே நின்ற கிளெலுக்கே கேட்டது.

"என் உயிருக்குப் பயந்தேன்."

கிளெல் போனைப் பிடுங்கி, ஆம்புலன்ஸ் அனுப்பச் சொன்னார்.

நெட்டி வந்தாள். அழவில்லை. மண்டியிட்டு ஒரு துண்டால் கழுத்தை அழுத்திப் பிடித்தாள். இன்னொரு கையால், ஆரினின் விரல்களுக்கு அருகே மணலில் கிடந்த சிவப்புக் கிளிப்பை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். கிளெல் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நெட்டியும் பார்த்தாள்.

விசாரணைக்கு வந்தவள் இபாரா என்ற பெண் அதிகாரி. வெர்லீனை அழைத்துப்போய் விசாரித்து அனுப்பிவிட்டார்கள். வழக்குப் போடுவதா என்பது முடிவாகவில்லை. இபாரா வண்டி வண்டியாக ஏறி இறங்கினாள். யாரைக் கேட்டாலும் வெர்லீன் தன் உயிருக்குப் பயந்தாள் என்றார்கள்.

"எல்லாரும் ஒரே வாக்கியத்தை எழுதிவச்சுப் படிக்கிற மாதிரி இருக்கே," என்றாள் கிளெலிடம்.

"நல்ல வாத்தியார்ம்மா. என்ன செய்ய?"

"அவருக்கு அந்தக் கதவுகிட்ட என்ன வேலை?"

கிளெல் தொப்பியைச் சரி செய்துகொண்டார். "அவர் பொண்டாட்டியைக் கேளுங்க. என்னைவிட அவங்களுக்குத்தான் தெரியும்."

கேள்வி சின்னதுதான். ஆரின் கதவு திறந்து கிளிப்பு மாட்டுகிறவர் என்று ஒருவர் சொன்னால் போதும்: கைப்பிடி திரும்பியபோது வெளியே நிற்பது யாரென்று வெர்லீனுக்குத் தெரிந்திருக்கும் என்றாகிவிடும். அப்புறம் அவள் இருக்கும் காலம் முழுக்கச் சிறைதான். இபாராவுக்கு அந்தக் கிளிப்புத் தேர்வு பற்றித் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும்.

"அவர் அடுத்தவங்க கதவைத் திறக்கிற வழக்கம் உண்டா மேடம்?" என்று நெட்டியைக் கேட்டாள்.

"கேட்காம கதவைத் தொடறதா? இங்க யாரும் செய்யமாட்டாங்க. செஞ்சா என்ன ஆகும்னு ஆரினே சொல்லிக்கொடுத்திருக்காரு."

"அப்போ ஏன் போனாரு?"

"என்கிட்ட சொல்லிட்டு அவர் எதுவும் செஞ்சதில்ல."

ஆரின் சாகவில்லை. கழுத்து ரத்தக்குழாய் அறுந்து, மூளையின் ஒரு பக்கத்துக்கு ரத்தம் போகாமல் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று, எழுத்தும் போயிற்று. சொல்வது அவருக்கு ஓரளவு புரியும், பதில்தான் வராது. சிலருக்கு, நூறு தடவை சொல்லிப் பழகிய ஏதாவது ஒன்று மட்டும் மிஞ்சும், என்றார் மருத்துவர். மார்ச்சில் சக்கர நாற்காலியில் அவரை முகாமுக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்றே வெர்லீன் ஆப்பிள் பை என்ற இனிப்பைச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். ஆரின் பந்தல்துணிக்கு அடியில் கண் மூடியிருந்தார்.

"நெட்டி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். படியில ஏறும்போது அவர் இருமினாரு. எனக்குக் கேட்டுச்சு."

"கேட்காம இருக்குமா? ஊருக்கே கேட்கிற இருமல்."

"ஆரின்னு தெரியும் எனக்கு. தெரிஞ்சுதான்..."

"ஆப்பிள் பையை உள்ள வை, ஈ மொய்க்குது," என்றாள் நெட்டி. பிறகு, துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "உனக்குத் திரைச்சீலையில மாட்டுவாரு. நான் அடுப்பை அணைக்க மறந்தா, என் காதுல."

வெர்லீன் அவள் காதைப் பார்த்தாள். மடலின் ஓரத்தில் தோல் தடித்துக் கறுத்திருந்தது.

ஆரின் கண் திறந்திருந்தார்.

இபாரா கடைசியாக ஒருமுறை வந்தது அதற்கு அடுத்த வாரம். ஆரினுக்குப் புரிகிறதென்றால் அவரையே கேட்டுப் பார்த்துவிட்டுக் கோப்பை அரசு வக்கீலுக்கு அனுப்பிவிடலாம் என்றாள். வெர்லீன் சற்றுத் தள்ளி, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நெட்டி ஆரினின் வாயோரம் வழிந்ததைத் துடைத்து, கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டு, அது நழுவாமல் ஒரு சிவப்புக் கிளிப்பை மாட்டினாள்.

"ஐயா, அந்தக் கதவை ஏன் திறந்தீங்க?"

ஆரினின் முகம் சிவந்தது. உதடு கோணி இழுத்தது. வார்த்தை வெளியே வந்தபோது தெளிவாகவே வந்தது.

"என் உயிருக்குப் பயந்தேன்."

"யாரைப் பார்த்துப் பயந்தீங்க?"

"என் உயிருக்கு. என் உயிருக்குப் பயந்தேன்." இடது கை மேலே ஏறியது. தடவித் தடவிக் கிளிப்பைப் பிடித்து இழுத்தார். துண்டு விழுந்தது. கிளிப்பை இபாராவின் முகத்துக்கு நேராக நீட்டினார். பிறகு அதை வெர்லீன் பக்கம் ஆட்டினார், மறுபடி இபாராவிடம் நீட்டினார். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

இபாரா நெட்டியைப் பார்த்தாள். "என்ன கேட்கிறாரு?"

"துண்டு உறுத்துது போல. வெயில் வந்தா இப்படித்தான்."

இபாரா கிளிப்பை அவர் விரல்களிலிருந்து மெல்ல விடுவித்து நெட்டியிடம் கொடுத்தாள். வெர்லீனிடம், இனி கவலைப்பட வேண்டாம், வழக்கு வராது என்றுதான் நினைக்கிறேன் என்றாள். வெர்லீன் அன்றும் சுட்டுக் கொண்டுவந்திருந்த ஆப்பிள் பையில் ஒரு விள்ளல் சாப்பிட்டாள். நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் கார் கிளப்பிய தூசி அடங்கியது.

"பாடத்துல என்ன சொன்னே ஆரின்?" என்றாள் நெட்டி. "அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னுதானே?"

கிளிப்பைத் திறந்து, நிதானமாக, அவர் காது மடலில் மாட்டினாள். இடக்கை மறுபடி எழுந்தது. வெர்லீன் எழுந்து வந்து, அந்தக் கையைப் பிடித்து, நாற்காலியின் கைப்பிடிமேல் அழுத்தி வைத்துக்கொண்டாள்.