போலந்துக்காரர்கள் கேட்ட ஒரு பக்கம்

ஷ்க்லாஷ் அணி தன் முதல் ஆட்டத்தில் நான்கு கோல் போட்டு, இருபத்து மூன்று வாங்கித் தோற்றது. அது 1957. போலந்தில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு கண்ணாடித் தொழிற்சாலை. உலையில் வேலை செய்த எட்டுப் பேர் சேர்ந்து ஆரம்பித்த ஹேண்ட்பால் கிளப். ஷ்க்லாஷ் என்றால் கண்ணாடிக்காரன். ஆறு வருஷம் கரிச்சாம்பல் கொட்டிய தரையில் ஆடினார்கள். 1963இல் ஒரு உருளைக்கிழங்குக் கிட்டங்கியைக் காலி செய்து கூரைக்குள் போனார்கள். 1971இல் இரண்டாம் பிரிவுக்கு ஏறினார்கள். 1974இல், கடைசி ஆட்டத்தில், ஒரே ஒரு கோலில் கீழே இறங்கினார்கள்.

இதெல்லாம் மதுரையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் முத்திருளன். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தோடு நின்றவன். பஞ்சாலையில் ராத்திரி ஷிப்ட். மில் ஹேண்ட்பால் அணியில் கோல்கீப்பர். வார்சாவிலிருந்து வரும் ஆங்கில வானொலியில் அந்தக் கிளப்பைப் பற்றி ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, 1978இல் ஒரு கடிதம் போட்டேன். கிளப் செயலாளர் ஹென்றிக் பதில் எழுதினார். மூன்று வருஷத்தில் பத்தொன்பது கடிதங்கள் வந்தன. நான் அகராதியை வைத்துக்கொண்டு எழுதி, திருத்தி, நகல் எடுத்து அனுப்புவேன். ஊரில் யாரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது.

அதை உக்கிரபாண்டியிடம் காட்டியது என் முட்டாள்தனம்.

அவன் அவனியாபுரத்துக்காரன். பகல் ஷிப்ட். எங்கள் அணியில் அதிகம் கோல் போடுகிறவன். தை மாதம் மாட்டின் திமிலைப் பிடிக்கிற கை. பந்து அதில் எலுமிச்சம்பழம் மாதிரி உட்காரும். படிப்பு மூன்றாம் வகுப்பு. தமிழில் கையெழுத்துப் போடுவான், இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவன் தங்கச்சி அன்னக்கொடி டைப்ரைட்டிங் படித்தவள். அவளிடம் சொல்லி, அவனும் ஹென்றிக்குக்கு ஒரு கடிதம் எழுத வைத்தான். நாலே வரி. கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுகிற மாதிரி நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பிவிட்டான்.

அடுத்து எனக்கு வந்த கடிதத்தில் ஹென்றிக் எழுதியிருந்தார்: 'உங்கள் நண்பரின் மஞ்சள் கடிதத்தைச் சட்டம் போட்டுக் கிளப்பில் மாட்டியிருக்கிறோம். அணி முழுவதும் அதை முகர்ந்து பார்த்தது.' கூடவே ஒரு நீல ஜெர்சி, ஒன்பதாம் எண். அவனுக்கு. எனக்கு வாழ்த்துகள்.

"போட்டுப் பாரு மாப்ள" என்று அவன் நீட்டினான்.

"எனக்கு லூசா இருக்கும்" என்றேன்.

அந்த வாரம் பகலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பயிற்சியில் அவன் அடித்த பந்தை நெஞ்சால் தடுத்தேன். வலித்தது, பிடித்திருந்தது.

1981 டிசம்பரில் போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது. கடிதம் நின்றது. காலை ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், பதினொரு மணி தபாலுக்காக மில் கேட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். கேட் கிளார்க் மொக்கைச்சாமி கிண்டல் பண்ணுவார்.

"ஏன்டா, தூங்கப் போகாம போலந்துக்குக் காவல் காக்குற? அங்கிட்டு எதுவும் பொண்ணு பாத்து வச்சிருக்கியா?"

மே மாதம் ஒரு உறை வந்தது. பிரித்து ஒட்டி, தணிக்கை முத்திரை குத்தியிருந்தது. ஐந்து மாதம் கழித்து வந்த முதல் கடிதம். முகவரியில் உக்கிரபாண்டியின் பெயர்.

"நான் அவன்கிட்ட குடுத்துர்றேண்ணே" என்று வாங்கிக்கொண்டு, சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன். போலந்து ராணுவம் ஒருமுறை பிரித்த கடிதம். நான் இரண்டாவது.

கிளப்புக்கு இருபத்தைந்து வருஷம் ஆகிறதாம். வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். அதில் மதுரை அணிக்கு ஒரு பக்கம். எழுதி, போட்டோவோடு ஜூலைக்குள் அனுப்பவும்.

அந்த வரலாற்றை வருஷம் வாரியாகச் சொல்லக்கூடியவன் நான். பக்கத்தை அவனிடம் கேட்கிறார்கள். அந்தப் பக்கம் எனக்கு வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

எழுத உட்கார்ந்தேன். அவன் பெயர் வராமல் எழுதுவது என்று ஆரம்பித்தால், மூன்று வரிக்கு மேல் நகரவில்லை. கண்மாயில் கருவேலத்தை வெட்டி மைதானம் ஆக்கியது அவன். கோல் கம்பத்தைச் சித்தப்பா வண்டியில் ஏற்றி வந்தது அவன். மாவட்ட இறுதி ஆட்டத்தில் பதினேழு கோலில் பதினொன்று அவன். கடைசி நிமிஷத்தில் பெனால்டி வாங்கித் தந்தவனும் அவன்தான்.

நாலு இடத்திலும் என் பெயரைப் போட்டேன். அதற்குப் பிறகு பக்கம் சரளமாக வந்தது.

மை காய்வதற்குள் அவனே வந்து நின்றான். மொக்கைச்சாமி சொல்லியிருக்கிறார்.

"மாப்ள, எனக்குக் கடுதாசி வந்துச்சாமே?"

"உன் பேருக்குத்தான் வந்துச்சு. சேதி டீமுக்கு. நம்மளப் பத்தி ஒரு பக்கம் கேக்குறாங்க. எழுதிட்டேன்."

பிரித்ததைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. "நீதான்டா எழுதணும். எந்தங்கச்சிக்கு நாலு வரிக்கு மேல ஓடாது. படி, கேப்போம்."

தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். தாளில் என் பெயர் இருந்த இடத்திலெல்லாம் வாயில் அவன் பெயரைச் சொன்னேன். கருவேலத்தை வெட்டியது உக்கிரபாண்டி. கம்பம் கொண்டு வந்தது உக்கிரபாண்டி.

"கால்ல முள்ளு குத்தி சீழ் வச்சத எழுதலயா?"

"இடம் பத்தாது."

"அதுஞ் சரிதான். இம்புட்டு எழுதுனதே பெருசு." என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

தாளில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அணியின் ஒரே குரூப் போட்டோவோடு அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

டிசம்பரில் புத்தகம் வந்தது. அன்றைக்கு நான் கேட்டில் இல்லை; பகல் ஷிப்டில் இருந்த அவன் கைக்குத்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். கறிக்குழம்பு. அறுபத்து மூன்றாம் பக்கத்தில் எங்கள் போட்டோ, தீப்பெட்டி அளவில். அதற்குக் கீழே முழுக்கப் போலிஷ். யாருக்கும் புரியாது. பெயர்களை மட்டும் கண்டுபிடிக்கலாம்.

"எம் பேரு எங்கிட்டு இருக்கு, காட்டு தாயி" என்று அன்னக்கொடியிடம் நீட்டினான்.

அவள் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். மறுபடி மேலே போய்க் கீழே வந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

"இந்தா இருக்குண்ணே" என்று என் பெயரின் மேல் விரலை வைத்தாள். "நாலு எடத்துல இருக்கு."

"நாலு எடமா!" குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். "இங்கிலீசுல நம்ம பேரு நல்லாத்தான்டா இருக்கு. மாப்ள பேரு எங்க?"

"அவுக எழுதுனவுகல்ல. எழுதுனவுக பேரப் போடமாட்டாக போல."

"அடப்பாவிகளா! எழுதுனவன விட்டுட்டானுகளே." அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான். "கவலப்படாத மாப்ள. ஏன் விட்டீகன்னு கடுதாசி போட்டுக் கேட்டுருவோம். போட்டுரலாமா தாயி?"

"போடலாம்ண்ணே" என்றாள், என்னைப் பார்த்துக்கொண்டே.

அது என் பெயர் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். எலும்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவன் சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்து, என் பெயருக்கு அடியில் நாலு இடத்திலும் அழுத்திக் கோடு போட்டான். எல்லாருக்கும் காட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் வெளியே யாரோ அவனுக்கு விசில் அடித்தார்கள்.