கவிழ்ந்திருந்த ரொட்டி

வாசலிலேயே என்னைச் சோதனை போட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் கிர்கிஸ் எல்லைச் சாவடியில் சுங்க அதிகாரியாக நின்று ஊரார் பைகளையெல்லாம் கிளறியவன் நான். என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்த பையன் கல்லூரியில் மூன்றாம் வருஷமாக இருந்தால் அதிகம். தலையில் ஊதாநிறப் பொய்முடி, முதுகில் என் உயரத்துக்கு ஒரு வாள், நெஞ்சில் 'பாதுகாப்பு' என்று எழுதிய பட்டை.

"தப்பா நினைக்காதீங்க பைகே," என்றான், வயதில் மூத்தவரை அழைக்கும் மரியாதையோடு. "ஆயுதம் எதுவும் உள்ள போகக் கூடாது. விதிமுறை."

"முதுகுல நீ சொருகியிருக்கிறது என்னப்பா, கரண்டியா?"

"இது அட்டை, பைகே."

இறைச்சி நறுக்க நான் எப்போதும் வைத்திருக்கும் மடக்குக் கத்தியை வாங்கிக்கொண்டு ஒரு டோக்கனைத் தந்தான். பூட்ஸைத் தொடவே இல்லை. பூட்ஸைப் பார்க்காதவன் என்ன சோதனை போடுகிறான் என்று கேட்க வாயெடுத்தேன். என் மகள் ஜாஸ்குல் முழங்கையால் இடித்தாள்.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாளாவது டியூட்டிக்குப் போகாதீங்க."

நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

இந்த ஜப்பான் படக்கதை விழாவுக்கு நான் வந்ததே ஒரு வாக்கினால்தான். ஜாஸ்குல் பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் இருக்கிறாள். கோடையில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டும். அவளுக்கோ ஜப்பான் பாணிப் படக்கதை வரைய வேண்டுமாம், அதற்கு ஓவியக் கல்லூரிக்குத்தான் போவாளாம். படம் வரைகிறவர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்கள், பிஷ்கெக் நகரத்து ஓக் பூங்காவில் பனிமலைப் படங்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு, யாராவது வெளிநாட்டுக்காரன் திரும்பிப் பார்ப்பானா என்று நாள் முழுக்கக் குந்தியிருப்பவர்கள்தான். அந்த வரிசையில் என் மகள் உட்காருவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. வீட்டில் ஒரு மாதமாக இதே சண்டை. அப்போதுதான் அவள் இந்த விழாவின் விளம்பரத்தைக் கைப்பேசியில் காட்டினாள். 'ஜப்பானிலிருந்து நேரடியாக! ஓவியர் மொரிஷிமா!'

"சரி," என்றேன், என் மனைவி சய்ரா சாட்சியாக. "அந்த ஜப்பான்காரன் உன் படத்தப் பாத்துட்டு இவ தேறுவான்னு சொன்னா, மருத்துவக் கல்லூரிப் பேச்சையே எடுக்க மாட்டேன். தேற மாட்டான்னு சொன்னா, நீ மறுபேச்சுப் பேசக் கூடாது."

ஜப்பான்காரன் பொய் சொல்ல மாட்டான் என்பது பிஷ்கெக்கில் அவர்களுடைய பழைய கார்களை வாங்கி ஓட்டும் அத்தனை பேருடைய கருத்து. என்னுடையதும்தான்.

உள்ளே போனால், பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சிக் கூடம். மூன்று தளம், முப்பது கடை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். இருந்தது ஒரே கூடம், கடைகள் என் கைவிரலுக்குள் அடங்கிவிட்டன. எங்கும் முடிக்குத் தெளிக்கிற திரவத்தின் நெடியும் ஈரக் காலுறை நாற்றமும். கூரை ஒழுகியதில் அட்டை டிராகனின் மூக்கு நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. 'ஜப்பானிய நூடுல்ஸ்' என்று பலகை வைத்த மேசையில், எங்கள் தெருமுனைக் கடையில் விற்கும் அதே டப்பாவில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்கள். எங்கள் முறை வந்தபோது வெந்நீரும் தீர்ந்துவிட்டது. ஜாஸ்குல் நீலப் பொய்முடியைச் சரிசெய்துகொண்டே, "முதல் வருஷம்தானேப்பா, அப்படித்தான் இருக்கும்," என்றாள். குரல் சுரத்தில்லாமல் இருந்தது.

எனக்கு அப்போதே உள்ளுக்குள் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. வெந்நீருக்கே வழியில்லாதவர்கள் ஜப்பானிலிருந்து ஆளுக்கு விமானச் சீட்டு எப்படி எடுத்தார்கள்?

மேடையில் ஒலிபெருக்கி கீச்சிட்டது. நிகழ்ச்சியை அறிவித்தவன் வாசலில் என்னைத் தடவிய அதே ஊதா முடிக்காரன். பெயர் ஆர்கென் என்று சொல்லிக்கொண்டான். கதவிலும் அவன், மேடையிலும் அவன். விருந்தாளியை அழைத்து வந்ததும் அவன், பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கப் போவதும் அவனேதான்.

ஜப்பான்காரர் நீல அங்கி போட்டு, வட்டக் கண்ணாடி மாட்டி வந்தார். இடுப்பு ஒடிகிற மாதிரி குனிந்தார். முகத்தைப் பார்த்தேன். முகத்தை வைத்து இந்த விஷயத்தில் ஒன்றும் சொல்ல முடியாது. மீனை விரும்பியவன் கிழக்கே போய் ஜப்பான்காரன் ஆனான், இறைச்சியை விரும்பியவன் இங்கேயே தங்கி கிர்கிஸ் ஆனான் என்று எங்களவர்கள் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பது சும்மாவா?

அவர் இரண்டு வார்த்தை பேசுவார். ஆர்கென் அதை ஒரு நிமிஷம் மொழிபெயர்ப்பான்.

"என்ன மொழிடி அது?" என்று ஜாஸ்குலிடம் கேட்டேன். "ரெண்டு சொல்லுக்குள்ள இவ்வளவு சரக்கு ஏத்த முடியுமா?"

"உஷ். அப்பா, ப்ளீஸ்."

மூன்று வருஷமாகக் கைப்பேசியைப் பார்த்துத் தானாக ஜப்பான் மொழி படிக்கிறவள் அவள். ஆனாலும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டுதான் கேட்டாள். மொழிக்காரிக்கே விளங்கவில்லையோ என்று அதையும் மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில், பூனைக்காது மாட்டிய ஒரு பெண் விருந்தாளியின் முன்னால் தேநீரும் சம்சாவும் ஒரு வட்ட ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். அவசரத்தில் ரொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அடிப்பக்கம் மேலே தெரிந்தது. ரொட்டியைக் கவிழ்த்து வைப்பது எங்களவர்களுக்குப் பெரிய அபசகுனம். எனக்குக் கை துறுதுறுத்தது. இரண்டாவது வரிசையிலிருந்து எழுந்து போயா திருப்பி வைக்க முடியும்?

திருப்பி வைத்தது ஜப்பான்காரர்.

ஆர்கென் ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான், யாரும் மேடையைப் பார்க்கவில்லை. அவருடைய பார்வை ரொட்டியின் மேல் விழுந்தது. கை தானாகப் போய் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தது. மேசையில் சிந்திய துணுக்கைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார். யோசித்துச் செய்தது இல்லை. குழந்தைப் பருவத்தில் அம்மாவிடம் கையில் அடிவாங்கிப் பழகிய கை அது. என்னுடையதைப் போல.

அடேய், நீ எந்த ஊர்டா என்று மனசுக்குள் கேட்டேன்.

சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? மூன்று வருஷமாக வேலையில்லாமல் கிடந்த மூக்கு இன்னும் சரியாகத்தான் மோப்பம் பிடிக்கிறது. ஆனால் பெட்டிக்குள் சரக்கு இருப்பது தெரிந்துவிட்டால் அவசரப்படக் கூடாது. அவர்களாகவே இன்னும் என்னென்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

படம் காட்ட விரும்புகிறவர்கள் மேடைக்கு வரலாம் என்றார்கள். ஜாஸ்குல் தன் பெரிய கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். கொச்கோரோ தலாஸோ, எந்த ஊரோ, அந்த ஆள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். தலையை ஆட்டினார். இரண்டு வார்த்தை சொன்னார்.

"மொரிஷிமா ஐயா என்ன சொல்றாருன்னா," என்று ஆர்கென் ஆரம்பித்தான், "இந்தக் கை சாதாரணக் கை இல்லையாம். ஜப்பான்ல இவர்கிட்ட படிக்கிறவங்கள்லயே இந்த மாதிரிக் கோடு போடுறவங்க குறைச்சலாம். இந்தப் பொண்ணு கண்டிப்பா இந்தத் துறைக்குத்தான் வரணுமாம்!"

கூடம் கைதட்டியது. ஜாஸ்குல் மேடையிலிருந்து என்னைத்தான் பார்த்தாள். நான் மெல்லத் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவள் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டாள் என்பதும் அவள் முகம் மலர்ந்த விதத்தில் தெரிந்தது.

வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேசையில், சய்ராவின் முன்னால் போட்டு உடைப்பதென்று முடிவு செய்தேன். ஜப்பான்காரன் சொன்னால்தானே வாக்கு? ஜப்பான்காரனே இல்லையே. விண்ணப்பம் மருத்துவக் கல்லூரிக்குப் போகும். அன்றிரவே நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

கொஞ்ச நேரத்தில் ஜாஸ்குல் கையெழுத்து வாங்கி வருவதாகச் சொல்லி மேடைக்குப் பின்னால் போனாள். திரை முழுதாக மூடவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தேன். இவள் ஏதோ கேட்கிறாள், அந்த ஆள் குனிந்து சிரிக்கிறான். மறுபடி கேட்கிறாள், மறுபடி சிரிக்கிறான். அப்புறம் இவள் நெருங்கிப்போய் மெதுவாக ஏதோ சொன்னாள். அவன் சிரிப்பு நின்றது. ஆர்கென் ஓடிவந்தான். மூன்று பேரும் தலையோடு தலை சேர்த்து அவசரமாகப் பேசினார்கள். அந்த ஆள் இரண்டு கையையும் கூப்பினான். ஆர்கென் வாயில் விரல் வைத்து 'சொல்லிடாதே' என்று காட்டினான். ஜாஸ்குல் சரி என்பதுபோலக் கையை உதறிவிட்டு நகர்ந்தாள்.

திரையிலிருந்து கண்ணை எடுத்தேன்.

இவளும் கூட்டா? விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டியது யார்? இவள். வாக்கை என் வாயிலிருந்து பிடுங்கியது யார்? இவள். மூன்று வருஷம் ஜப்பான் மொழி படித்தவள் அந்த உளறலை முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்திருக்க மாட்டாளா? அப்பனை ஏமாற்ற ஒரு கூடம், ஒரு டிராகன், ஓர் ஓவியர் என்று ஒரு நாடகமே போட்டிருக்கிறார்கள். எத்தனையோ பேர் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். குழந்தையின் அரையாடைக்குள் நகையை வைத்துத் தைத்த தாயைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் நெஞ்சு வலித்ததில்லை. அன்றைக்கு வலித்தது.

அதன் பிறகு படக்கதைப் பாத்திரங்களின் வேஷப் போட்டி நடந்தது. ஒரே வீரனின் வேஷத்தில் இரண்டு பேர் வந்து, யார் அசல் என்று மேடையிலேயே சண்டை போட்டார்கள். நடுவர்களில் ஒருத்தி, பரிசு வாங்கியவளின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டே மதிப்பெண் போட்டாள். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஜாஸ்குல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போலாம்ப்பா," என்றாள் பாதியிலேயே.

வாசலில் ஆளே இல்லை. என் கத்தி, அட்டை வாள்களுக்கு நடுவே திறந்த பெட்டியில் கிடந்தது. டோக்கனை அங்கேயே போட்டுவிட்டு எடுத்துக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்தில் ஈரக் காற்று. ஜாஸ்குல் நீல முடியைக் கழற்றிக் கையில் சுருட்டினாள். தலையெல்லாம் வேர்த்துப் போயிருந்தது.

"அப்பா, அவன் ஜப்பான்காரன் இல்ல."

நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"கொச்கோர்க்காரன். பேரு குபன். ஆர்கெனோட பெரியம்மா பையன். இங்க ஒரு சுஷி கடையில வேலை. வர்றேன்னு சொன்ன ஓவியர் கடைசி நேரத்துல வரலையாம், டிக்கெட்டெல்லாம் வித்துட்டாங்களாம். மேடையில பேசினப்பவே என்னமோ மாதிரி இருந்துச்சு. மைக் சரியில்லன்னு நினைச்சேன். உள்ள போய் 'இதுல எந்தப் படம் மோசம்'னு ஜப்பான் மொழியில கேட்டா, நன்றிங்கிறான். 'கழிப்பறை எங்க'ன்னு கேட்டேன். அதுக்கும் நன்றிங்கிறான். அப்புறம் நம்ம மொழியில 'நீங்க எந்த ஊரு'ன்னு கேட்டேன். கொச்கோர்னு வாய் தவறிச் சொல்லிட்டான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு ரெண்டு பேரும் கெஞ்சினாங்க."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"அதனால அவன் சொன்னது செல்லாதுப்பா. நீங்க விண்ணப்பத்தப் போட்டுருங்க."

எல்லைச் சாவடியில் நின்ற அத்தனை வருஷத்திலும், நான் கேட்கும் முன்பே பையைத் திறந்து இதோ பாருங்கள் என்று காட்டியவர் ஒருவர்கூட இல்லை. சுங்க அதிகாரிக்குத் தெரிந்ததெல்லாம் இன்னொரு கேள்வி கேட்பதுதான்.

"ஏன் எங்கிட்ட சொன்ன? சொல்லாம விட்டிருந்தா உன் காரியம் முடிஞ்சிருக்குமே."

"நீங்க நம்பிட்டீங்களே," என்றாள். "நீங்க யாரையும் நம்ப மாட்டீங்க. பால்காரியக்கூட நம்ப மாட்டீங்க. இன்னைக்குத்தான் மொத மொதல்ல, மேடையப் பாத்துத் தலையாட்டினீங்க. அத வச்சு எப்படிப்பா உங்கள ஏமாத்துறது?"

என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியிருந்தாலும் அவ்வளவு உறைத்திருக்காது.

"நான் நம்பல," என்றேன். "கவுந்திருந்த ரொட்டிய அவன் எடுத்து நிமித்தி வச்சான். அப்பவே தெரிஞ்சு போச்சு."

"ரொட்டியிலயேவா?"

"ம்."

"அப்ப ஏன் தலையாட்டினீங்க? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வீட்டுக்குப் போய் உங்கம்மா முன்னாடி சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் கெட்டிக்காரி. மேற்கொண்டு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பொய்முடியை இன்னும் இறுக்கிச் சுருட்டிக்கொண்டு சாலையைப் பார்த்தாள். எங்கள் பஸ் வந்தது, நின்றது. இரண்டு பேரும் ஏறவில்லை, அது போய்விட்டது.

"அந்தப் பையைக் குடு," என்றேன்.

"எதுக்கு?"

"பாக்கணும். நான் இன்னும் ஒண்ணுகூட ஒழுங்காப் பாத்ததில்ல. அப்புறம் விண்ணப்பம் எங்கயும் போகாது. நெசமான ஓவியனாத் தேடிப் பிடிச்சுக் காட்டுவோம். அவன் என்ன சொல்றானோ அதுதான். அதுவரைக்கும் நான் அந்தப் பேச்சை எடுக்கல."

ஜாஸ்குல் பையைக் கொடுக்கவில்லை. கண்ணைச் சுருக்கி என் முகத்தை ஆராய்ந்தாள். கடவுச்சீட்டின் படத்தையும் எதிரே நிற்கிற ஆளையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் பார்வை. அது யாருடைய பார்வை என்று எனக்கா தெரியாது?

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமாத்தான்."

"வேற ஏதாவது மறைக்கிறீங்களா?"

திரை இடுக்கு நினைவுக்கு வந்தது. மூன்று தலைகளும், அவளையும் அவர்களோடு சேர்த்து நான் கட்டிய கணக்கும்.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையை நீட்டினாள். நான் நடுவில் இருந்த ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோதும், அவள் பார்த்துக்கொண்டிருந்தது படத்தை அல்ல, என்னை.