பில்லுக்குப் பத்துப் பெட்டி

என் அக்கா வெர்லீன் எங்கள் ஊரில் பதினான்கு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டி வந்தவள். நாற்பத்தொரு வயதில் ஆசிரியர் படிப்பில் சேர்ந்தாள். காலையில் பேருந்து, பகலில் கல்லூரி, மூன்று மணிக்கு மறுபடி பேருந்து. படிப்பு கடைசி வருடத்தை எட்டியபோது அவள் வீட்டு விருந்தினர் அறையில் கட்டிலே தெரியவில்லை. அவ்வளவு நோட்டு, பசைக் குச்சி, மழுங்கிய முனைக் கத்தரிக்கோல். நான் தங்கப் போனால் எனக்கு சோபாதான்.

"வேலையே இன்னும் கிடைக்கல. அதுக்குள்ள இவ்வளவும் எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"நெட்டா, வேலைல சேர்ந்தா மொத சம்பளம் செப்டம்பர் கடைசிலதான் வரும். புள்ளைங்க ஆகஸ்ட்லயே வந்து உக்காந்துடும். அதுங்க கையில எதைக் குடுக்க? என் பட்டத்தையா?"

பள்ளி திறக்கும் முன் கடைகளில் போடும் அந்த ஆகஸ்ட் தள்ளுபடிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஆர்கன்சா மாநிலத்து வெயில் மண்டையைப் பிளந்தது. கடைக்குள் போனதும் தள்ளுவண்டியில் வண்ணம் தீட்டும் கிரேயான் குச்சிகள் அறுபது பெட்டி அடுக்கினாள். கவுண்டரில் இருந்த பெண் எண்ணிப் பார்த்துவிட்டு மேலாளரைக் கூப்பிட்டாள். ப்ரூட் என்று பெயர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அக்காவின் பேருந்தில்தான் போனார்கள்.

"பில்லுக்குப் பத்துப் பெட்டிதான்மா. போர்டுல போட்டிருக்கே. ஆசிரியர் அட்டை இருந்தா எவ்வளவு வேணாலும் எடுக்கலாம். இருக்கா?"

"அடுத்த வருஷம் வந்துடும்."

"அப்போ அடுத்த வருஷம் வாங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அக்கா தள்ளுவண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினாள். பத்துப் பெட்டிக்கு மட்டும் பணம் கொடுத்தாள். காரில் வைத்துவிட்டு வந்தாள். இன்னொரு பத்தை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அதையும் காரில் வைத்துவிட்டு மறுபடி வந்து நின்றபோது ப்ரூட்டின் முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா விளையாட்டு இது?"

"நீங்க எழுதி வெச்சதைத்தான் செய்யறேன். ஆளுக்குப் பத்துன்னு எழுதல, பில்லுக்குப் பத்துன்னு எழுதியிருக்கீங்க. எனக்குப் படிக்கத் தெரியும்."

"இதையெல்லாம் வெளியில கொண்டுபோய் விக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

அவள் பெட்டிகளைக் கீழே வைத்தாள். "உங்க புள்ளைங்க ரெண்டு பேரையும் தெனமும் என் வண்டில ஏத்தி விடறீங்களே, என்னைக்காவது நிச்சயம் கேட்டீங்களா? ரெண்டு புள்ளைய நம்பிக் குடுக்கறீங்க, ரெண்டு பெட்டி கிரேயானுக்கு நம்பிக்கை வரலையா?"

ப்ரூட் அந்தக் கவுண்டரை மூடச் சொன்னார். அக்கா பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு பக்கத்துக் கவுண்டருக்கு நகர்ந்தாள்.

எனக்கு என்ன தோன்றியதோ, தள்ளுவண்டியிலிருந்து பத்துப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றேன்.

"நீ எதுக்குடி வர்ற?"

"சீக்கிரம் முடிஞ்சா சீக்கிரம் சாப்பிடப் போகலாம்ல."

முன்னால் நின்ற கிழவர் ஒருவர் விலகி எங்களுக்கு வழி விட்டார். ப்ரூட் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அறுபது பெட்டியும் காருக்கு வந்து சேர்ந்தன. இஞ்சினை முடுக்கியதும் அக்கா சொன்னாள்: "அடுத்த கடைல பென்சில் இருக்காம்."

"எனக்குப் பசிக்குதுக்கா!"

"பென்சில் வாங்கிட்டு சாப்பிடலாம்."

மறு வருடம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் அவளுக்கு இரண்டாம் வகுப்பு ஆசிரியை வேலை கிடைத்தது. இருபத்தாறு பிள்ளைகள். பாதிப் பேர் வெறுங்கையோடு வந்தார்களாம். மூன்றாவது வாரம் எனக்குப் போன் செய்தாள்.

"நெட்டா, கிரேயான்ல மஞ்சள்தான்டி மொதல்ல தீருது. பழுப்பை ஒருத்தரும் தொடறதில்ல. எல்லாரையும் பெரிய அடிமரமா வெச்சு மரம் வரையச் சொல்லியிருக்கேன்."