கொட்டைப்பாக்கைக் கடிக்க வேண்டியவர்

1

இந்தக் கதை ஒரு பழரச டப்பாவிலிருந்து பிறந்தது. சர்க்கரை நோயாளிகளின் பல் சிகிச்சைக்கு நன்கொடை திரட்டுவதற்காக, மலையடிவாரத்திலிருந்து மலைமேலுள்ள எங்கள் புதூர்நாட்டுக்கு ஒரு கூட்டம் நடந்து வந்தது. வந்து சேர்ந்ததும் ஆளுக்கொரு இனிப்புப் பழரசம் கொடுத்தார்கள். அதைப் பார்த்தபின் எழுதாமலிருக்க என்னால் முடியவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பலாமரங்களுக்கு மேலே மேகம் தவழ்ந்து—’ வேண்டாம். நடக்க வந்தவர்களே மேகத்தைப் போதுமான அளவு படமெடுத்துவிட்டார்கள். பஸ் வராத காரணத்தால் வாழ்நாளெல்லாம் நடக்கிற எங்களிடம், ஒரே நிறத்து டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்து நடையின் அருமையைச் சொன்னார்கள்.*

* கைதட்டினோம். வந்தவரை அவமதிக்கிற குடும்பமல்ல எங்களுடையது.

2

கதைக்கு ஒரு நோயாளி வேண்டும். ‘பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்’ என்று எழுதிப் பார்த்தேன். அவர் பல் எவ்வளவு உறுதி என்பது ஊருக்கே தெரியும். ஆகவே, மனமில்லாமல், என் தம்பி தங்கவேலையே எழுதுகிறேன்.

அவனுக்குச் சர்க்கரை. கீழ்ப்பல் ஆடுகிறது, ஈறில் ரத்தம் கசிகிறது. என்னைத் தவிர யாரிடமும் அவன் சொல்லவில்லை. காரணம் உண்டு. வருகிற வெள்ளிக்கிழமை அவன் மகள் கீதாஞ்சலிக்கு நிச்சயம். எங்கள் வழக்கப்படி, பெண் வீட்டு மூத்தவர் முழுக் கொட்டைப்பாக்கைப் பல்லால் கடித்துப் பிளந்து, ஒரு பாதியை மாப்பிள்ளை வீட்டாரிடம் தரவேண்டும். இரும்பு படக்கூடாது, பாக்குவெட்டிக்கு அன்று வேலையில்லை. பாக்கு பிளக்காவிட்டால் நிச்சயமும் இல்லை.

(தங்கவேலைப் பிடிவாதக்காரன் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். பயந்தவன் என்று எழுத என் கை வராது. வேறு சொல் கிடைக்கும்வரை இந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.)

3

கீதாஞ்சலி பல் டாக்டர். இந்த நடையை ஏற்பாடு செய்தவளே அவள்தான். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அப்பனைக் கூப்பிட்டாள்.

“நைனா, வந்து உக்காரு. வாயத் தொற.”

“எனக்கு இன்னா? பல்லு கல்லு மாதிரி இருக்குது.”

“கல்லுக்கு இன்னாத்துக்கு லவங்கம் வெக்கிற?”

நான் குறுக்கிட்டேன். “நிச்சயம் முடியட்டும்டி. சம்பந்தி வூட்டு ஆளுங்க எதிர்ல நம்ம மானத்தத் தொறந்து காட்டணுமா?”

“சக்கரை ஏறுனா ஈறு கெடும். ஈறு சீழ் புடிச்சா சக்கரை எறங்காது. ஒன்னுக்கொன்னு தீனி போடுது அத்தை. நடுவுல மானம் இன்னா பண்ணும்?”

மாப்பிள்ளையின் அப்பா வேடியப்பன் அமிர்தி ஊர்க்காரர். அவரும் நடக்க வந்திருந்தார். டி-ஷர்ட்டில் பிதுங்கிய வயிற்றோடு, பழரசத்தை உறிஞ்சிக்கொண்டே அருகில் வந்தார்.

“பாக்கு பெருசா பாத்து வெய்ங்க சம்பந்தி. உங்க கடியப் பாக்கத்தான் மொத்த ஊரையும் கூட்டிகினு வர்றேன்.”

தங்கவேல் அவரைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். பிறகு போய் உட்கார்ந்து வாயைத் திறந்தான்.

விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை மிக அதிகம். அதை இறக்கிவிட்டுப் பல்லை எடுக்க வேண்டும். அதுவரை கடினமான எதையும் கடிக்கக்கூடாது.

“சக்கரை வூடுன்னு யாரும் சொல்லலியே,” என்றார் வேடியப்பன்.

“கையில இருக்கறத முடிச்சிட்டுப் பேசுங்க. அதுல எம்மாஞ் சக்கரைன்னு டப்பாவுலயே போட்டிருக்குது,” என்றாள் கீதாஞ்சலி.

உறிஞ்சுவதை நிறுத்தி என் பக்கம் திரும்பினார். “அது கெடக்கட்டும். மூத்தவங்க கடிக்கலன்னா நிச்சயம் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப யாரு கடிக்கறது?”

4

முடிவுகள்.

தங்கவேல் பாக்கைப் பிளக்கிறான்; வந்தவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். இதைத்தான் ஆசையாக எழுதினேன். பொய்.

தாம்பாளத்தில் பாக்கு முழுசாகவும் பல் தனியாகவும் விழுகின்றன. எழுதிய தாளை அடுப்பில் போட்டேன்.

கீதாஞ்சலி பாக்குவெட்டியை எடுத்து— இல்லை. நான் இருக்கும்வரை இல்லை.

5

இன்று வெள்ளி. வீடு நிறைந்திருக்கிறது. வேடியப்பன் முன்வரிசையில் சம்மணமிட்டிருக்கிறார். தாம்பாளத்தில் பாக்கு, தொடாமல் தலைகுனிந்திருக்கிறான் தங்கவேல்.

மூத்தவர் கடிக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். மூத்த ஆண் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே தாம்பாளத்தை என்னைத் தாண்டி நீட்டிவந்தார்கள். தங்கவேல் எனக்கு இளையவன். என் வாயிலுள்ள பல்லெல்லாம் என்னுடையவை.

பாக்கை எடுக்கிறேன்.

“அக்கா, இன்னா பண்ற?” என்கிறான் தம்பி.

கடைவாயில் வைக்கிறேன். பிளந்ததா, பிளந்திருந்தால் நான் நீட்டிய பாதியை வேடியப்பன் வாங்கினாரா என்பதை நீங்களே சொல்லுங்கள். வாயில் பாக்கை வைத்துக்கொண்டு பேசுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.